குறுக்கே வந்த கை

சாவு வீட்டில் படம் எடுப்பதற்குச் சில முறைகள் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நானாக உண்டாக்கிக்கொண்டவை. முகத்தில் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. கால்மாட்டில் நின்று எடுக்கக் கூடாது. தலைவிரித்து அழுகிற பெண்களை எடுக்கவே கூடாது, அவர்களே கேட்டாலும். குடும்பப் படத்துக்கு ஆட்களை நிறுத்தும்போது "ரெடி" என்று சொல்லக் கூடாது. சொன்னால் பழக்கதோஷத்தில் நாலு பேர் சிரித்துவிடுவார்கள், அப்புறம் ஜென்மத்துக்கும் அந்தப் படத்தைச் சுவரில் மாட்ட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்த படத்தை அங்கேயே கேமராவின் திரையில் பார்க்கக் கூடாது. செத்தவர் பக்கத்தில் நின்றுகொண்டு படக்காரன் குனிந்து திரையைப் பார்த்துத் தலையாட்டினால், அதைவிட அசிங்கம் வேறில்லை. அதனால் வாசலிலேயே என் கேமராவின் திரையை உள்பக்கமாகத் திருப்பி மூடிவிடுவேன். சத்தத்தையும் நிறுத்திவிடுவேன்.

இந்தக் கடைசி முறைதான் என்னைக் கவிழ்த்தது.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் என் ஸ்டூடியோ. கல்யாணம், பெண் வயதுக்கு வந்த சாமத்திய வீடு, பாஸ்போர்ட் படம் எல்லாம்தான் எடுக்கிறேன். ஆனாலும் தேயிலைத் தோட்டப் பக்கங்களில் ஜனார்த்தனன் என்றால் சாவு வீட்டுப் படக்காரர் என்றுதான் தெரியும். மரியாதை தெரிந்த ஆள் என்ற பெயர் எனக்கு உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

புதன்கிழமை காலை சுமன் போன் பண்ணினான். பக்கத்துத் தெருவில் புடவைக் கடையில் வேலை செய்பவன், ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டத்து ஆள். மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் கிடந்த அவனுடைய அப்பா வீரையா விடியற்காலையில் போய்விட்டாராம்.

"அண்ணே, நாளைக்கு எடுக்குறோம். நீங்கதான் வரணும். போன மாசம் எங்க தோட்டத்துல நடந்தது தெரியும்ல? பொம்பளைங்க மாரடிச்சு அழுததை யாரோ வீடியோ எடுத்து, பாட்டுப் போட்டு விட்டுட்டானுங்க. கொழும்பு வரைக்கும் சிரிச்சானுங்க. எங்க அப்பாவுக்கு அப்புடி ஆவக் கூடாது. யாரும் போனைத் தூக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நீங்க மட்டும் எடுங்க."

"சரியான முடிவு," என்றேன். உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் ஒரு குரல் பதிவை எனக்கு அனுப்பி வைத்தான். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அவனுடைய அக்கா நிஷாந்தி பேசியது. போய் ஆறு வருஷம். இரண்டு தடவை ஊருக்கு வரப் பார்த்து, இரண்டு தடவையும் மேடம் விடவில்லை. இப்போதும் விடவில்லை. அழுது அடங்கிய குரல். "அண்ணே, எனக்கு மத்ததெல்லாம் வேணாம். அப்பா முகத்த மட்டும் கிட்டக்க வச்சு எடுங்க. கடசியா எப்புடி இருந்தாருன்னு நான் பாக்கணும்."

எடுத்துத் தருகிறேன் தங்கச்சி என்று பதில் பேசி அனுப்பினேன்.

வியாழக்கிழமை மடவளை ஸிபானின் ஆட்டோவில் புறப்பட்டேன். தூரத்து வேலைகளுக்கு அவன்தான் என்னைக் கொண்டுபோவான். தெல்தெனியவைத் தாண்டியதும் மூடுபனி. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் வெள்ளைக் கொடி, தப்புச் சத்தம், மரண உதவிச் சங்கத்து பிளாஸ்டிக் கதிரைகள். நான் செருப்பைக் கழற்றி வைத்தேன், கேமராவின் திரையை உள்ளே திருப்பி மூடினேன், சத்தத்தை நிறுத்தினேன், உள்ளே போனேன்.

முதலில் முகம். அந்தப் பெண்ணின் குரல் காதில் இருந்ததால் அதற்கே அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. நெற்றியில் திருநீறும் நாணயமும். மூச்சுக் குழாய் ஒட்டுவதற்காக ஆஸ்பத்திரியில் மீசையை மழித்திருந்தார்கள். மேலுதட்டில் இடப்பக்கமாக ஒரு பழைய தழும்பு வெளுப்பாகத் தெரிந்தது. தாடை இறுகியிருந்தது. ஏதோ ஒரு கணக்குச் சரிவராமல் யோசிக்கிற ஆள் மாதிரி இருந்தார். நல்ல முகம். முப்பது நாற்பது தடவை எடுத்திருப்பேன்.

அப்புறம் குடும்பப் படம். பெட்டியைக் கொஞ்சம் தலைப்பக்கம் உயர்த்தி, சுமனையும் அவனுடைய அம்மா அழகம்மாவையும் இரண்டு பக்கமும் நிறுத்தி, சொந்தபந்தங்களைப் பின்னால் வரிசையாக்கிக் கொண்டிருந்தேன். ஒருவர் சட்டைக் கொலரைச் சரிபண்ணிவிட்டு, பிறகு ஞாபகம் வந்து முகத்தைத் துயரமாக்கிக்கொண்டார். அதெல்லாம் நடக்கிறதுதான். அப்போதுதான் தலைமாட்டுப் பக்கம் ஒரு போன் உயர்ந்து நிற்பதைப் பார்த்தேன்.

பிடித்திருந்தவள் லோஜினி. லயத்தில் அடுத்த காம்பரா வீட்டில் இருக்கிற, தோட்டத்துப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிற பெண் என்று பிறகு தெரிந்துகொண்டேன். போனை வீரையாவின் முகத்துக்கு நேரே, ஒரு முழ உயரத்தில் பிடித்திருந்தாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. இரண்டு எட்டில் போய், முகத்துக்கும் போனுக்கும் நடுவே கையை விரித்து நீட்டினேன்.

"என்ன தங்கச்சி இது? செத்த வீடா, சினிமாக் கொட்டகையா?"

"அண்ணே, இது வந்து..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். வீட்டுக்காரங்க சொன்னது காதுல விழலயா? படிச்ச புள்ள மாதிரி இருக்கீங்க. ஒரு மனுசன் கிடக்குறாரு, அவருக்கு ஒரு மரியாத இல்லையா?"

போனைப் பிடுங்கினேன். திரையில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. அடியில் சிவப்புப் பொத்தான் தெரிந்தது, அமுக்கினேன். இருட்டானது. சுமனிடம் கொடுத்து, "பெட்டி போனதுக்கு அப்புறம் குடுங்க," என்றேன். அவன் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். லோஜினி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது. வெட்கப்படுகிறாள், நல்லதுதான் என்று நினைத்தேன். பின்னால் யாரோ, "படக்காரர் சொல்றது சரிதானே," என்றார்கள். அதுவும் எனக்கு இனித்தது.

வாய்க்கரிசி போட்டார்கள். முகத்தை மூடினார்கள். பெட்டியும் மூடியாயிற்று. பெண்கள் லயத்தோடு நின்றுவிட, ஆண்கள் தேயிலை மலைப் பாதையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். பாதி வழியில் பேட்டரி தீர்ந்துவிட்டது. நடந்துகொண்டே வேறு பேட்டரி போடுவதற்காகக் கேமராவின் அடிமூடியைத் திறந்தேன். என் கேமராவில் மெமரி கார்டும் அதே மூடிக்குள்தான் இருக்கும்.

கார்ட் இல்லை.

விரலை விட்டுப் பார்த்தேன், ஏதோ கண் ஏமாற்றுகிறது என்பதுபோல. முதல் நாள் பேராதனையில் எடுத்த சாமத்திய வீட்டுப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது ஞாபகம் வந்தது. கார்டை அதிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். கார்ட் இல்லாமலும் கேமரா வேலை செய்கிற மாதிரி நான்தான் வைத்திருந்தேன், ஸ்டூடியோவில் வெளிச்சம் பார்க்க வசதியாக இருக்குமென்று. திரை திறந்திருந்தால் முதல் படத்திலேயே அது சொல்லியிருக்கும். கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரத்தின் மூலையிலும் ஏதோ மினுக்கியிருக்கும். நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை தடவை அமுக்கியதும் காற்றைத்தான் எடுத்திருக்கிறது.

நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்த வீட்டில் வேறு ஒரு போனும் உயரவில்லை. உயர்ந்த ஒன்றையும் நான் பிடுங்கிவிட்டேன். வீரையாவின் கடைசி முகம் உலகத்தில் எங்கேயும் ஒரு படத்தில்கூட இல்லை.

பையில் உபரி கார்ட் ஒன்று கிடந்தது. அதைச் செருகினேன். திரையைத் திருப்பித் திறந்தேன், முறையாவது மண்ணாவது. ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. இந்தப் பக்கத்தில் மயானத்துக்குப் போனதும், இறக்குவதற்கு முன்னால் ஒரு தடவை பெட்டியைத் திறந்து முகம் பார்ப்பார்கள். அரை நிமிஷம் போதும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடினேன்.

நான் குழி ஓரத்துக்குப் போய்ச் சேரவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. மலை மழை, சொல்லாமல் கொள்ளாமல் கொட்டியது. குழிக்குள் சிவப்புத் தண்ணீர் ஏறியது. மரண உதவிச் சங்கத் தலைவர் இராமகிருஷ்ணன் குடையைச் சாய்த்துக்கொண்டு சுமனிடம் வந்தார்.

"தம்பி, தொறந்தா உள்ள தண்ணி போயிரும். முகம் வீட்டுலயே எல்லாரும் பாத்தாச்சு. அப்புடியே எறக்கிருவமா?"

சுமன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, அக்காவுக்கு முகம் எடுத்தாச்சுல்ல? இல்லாட்டி ஒருக்கா தொறக்கச் சொல்றேன்."

கேள்வி இவ்வளவு நேராக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். குடையைப் பிடித்து, பெட்டியைத் திறந்து, வேலை முடிந்திருக்கும். ஆனால் சுற்றிலும் நின்றவர்கள் அரை மணி நேரத்துக்கு முன்னால் நான் மரியாதையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணியதைக் கேட்டவர்கள். அந்த வாயால் கார்ட் போட மறந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? இழவு நேரத்தில் குழப்பம் பண்ணக் கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். அது கோழைத்தனம். முறை என்று அதற்குப் பெயர் வைத்தேன், அவ்வளவுதான்.

"எடுத்தாச்சு," என்றேன்.

பெட்டியை இறக்கினார்கள். கயிறு உராய்கிற சத்தம் கேட்டது. நான் மண் போடுவதை எடுத்தேன், குடைகளை எடுத்தேன், சேற்றுக் கால்களை எடுத்தேன். எல்லாம் துல்லியமாக விழுந்தன.

திரும்பி வரும்போது ஸிபான் இரண்டு தடவை என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தான். மூன்றாம் தடவை கேட்டுவிட்டான். நானும் சொல்லிவிட்டேன்.

"எங்கட ஆக்கள்ல மையத்தப் போட்டோ எடுக்கிறதில்ல," என்றான். "வாப்பா மவுத்தான நேரம் நானும் எடுக்கல. ஆனா நான் பக்கத்துல நிண்டு பாத்தேன், ஜனா அண்ணன். அந்தப் புள்ள பாக்கல்லயே." அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஸ்டூடியோப் படிகளை ஓடி ஏறினேன். கார்ட் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. நான் வைத்த இடத்தில், வைத்த மாதிரியே. திறந்து பார்த்தேன், ஏதோ மந்திரம் நடந்திருக்கும் என்பது போல. மஞ்சள் புடவையில் அந்தப் பேராதனைப் பெண் முந்நூற்றுப் பத்துப் படங்களில் சிரித்தாள்.

சுமனிடமிருந்து செய்தி வந்தது. 'அண்ணே, நாளைக்கு வெள்ளிக்கிழமை. அக்காவுக்கு லீவு, போன் கையில இருக்கும். முகத்த மட்டும் முதல்ல அவளுக்கு அனுப்புங்க. உங்க நம்பரும் அவகிட்ட இருக்கு.' கீழே நிஷாந்தியின் நம்பர்.

அன்றிரவு படுத்தும் ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது: லோஜினியின் போன். அவள் எடுத்த வீடியோவை நான் நிறுத்தத்தானே செய்தேன், அழிக்கவில்லையே. சுமன் திருப்பிக் கொடுத்திருப்பான். பயத்தில் அவளே அழித்திருந்தாலும், அழித்தவை ஒரு மாதம் வரை போனுக்குள்ளேயே ஒரு மூலையில் கிடக்கும். அதிலிருந்து ஒரு முகத்தைப் பிரித்தெடுப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை. அவள் அழித்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே விடியும் வரை கிடந்தேன். எந்தப் படத்துக்காக அவளைச் சந்தியில் நிறுத்தினேனோ, அதே படத்துக்காக.

காலையிலேயே ஸிபானைக் கூப்பிட்டேன். ஜும்ஆத் தொழுகைக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற பேச்சோடு வந்தான். பாலர் பாடசாலை வாசலில் லோஜினியைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அவள் முகம் கல்லானது. பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு வந்து நின்றாள்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். கார்ட் இல்லாததைச் சொன்னேன். மயானத்தில் பொய் சொன்னதையும் சொன்னேன். "உங்க போன்ல அந்த வீடியோ இருந்தா குடுங்க தங்கச்சி. நான் பேசினது தப்பு. கால்ல விழச் சொன்னாலும் விழுறேன்."

பிள்ளைகளுக்குக் கேட்காதபடி அவள் கதவைச் சாத்தினாள்.

"வீடியோ இல்ல அண்ணே."

"அழிச்சிட்டீங்களா? பரவால்ல, அழிச்சாலும் எடுக்கலாம்."

"அழிக்கல. எடுக்கவே இல்ல. அது இமோ வீடியோ கால்." குரலை உயர்த்தாமல் சொன்னாள். "நிஷா அக்கா லைன்ல இருந்தாங்க. மேடம்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி பத்து நிமிசம் வாங்கியிருந்தாங்க. அதுல எட்டு நிமிசம் சிக்னல் தேடியே போயிருச்சு. அப்பதான் கெடச்சிச்சு. படம் தெரிய ஆரம்பிச்ச அந்த நொடியிலயே நீங்க கைய நீட்டிட்டீங்க. நீங்க கட் பண்ணினது அவங்களத்தான்."

எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார அங்கே ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் சின்னக் கதிரைகள்தான் கிடந்தன.

"சுமனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்றதுக்கு முன்னாடி நீங்க என்னைத் திருடி மாதிரி ஆக்கிட்டீங்க. அப்புறம் அழுகையில என்னத்தச் சொல்றது? அக்காகிட்ட, யாரோ கை குறுக்க வந்திச்சு, சிக்னலும் போச்சுன்னு சொல்லிட்டேன். படக்காரர் நல்ல படமா எடுத்திருக்காரு, அது வரும், கவலப்படாதீங்கன்னும் சொன்னேன்." கதவைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு சாயந்தரம் வரைக்கும் சும்மா இருப்பேன். அதுக்குள்ள நீங்களே அவங்ககிட்ட சொல்லணும். இல்லாட்டி நான் சொல்லுவேன்."

கண்டிக்குத் திரும்பும் வழியில், திகணையைத் தாண்டும்போது, போன் அதிர்ந்தது. நிஷாந்தி. ஒரு படமும் ஒரு குரல் பதிவும்.

படத்தைத் திறந்தேன். நேற்றைய அழைப்பு ஓடிக்கொண்டிருந்தபோது அவள் தன் போன் திரையை அப்படியே பிடித்துவைத்திருக்கிறாள். மங்கலாக வீரையாவின் நெற்றி, நாணயம், மூடிய கண்கள், மூக்கு. மூக்குக்குக் கீழே முகம் இல்லை. அங்கே விரித்த ஒரு கை இருந்தது.

குரல் பதிவைக் காதில் வைத்தேன். "அண்ணே, நீங்க எடுத்தத அனுப்புறப்ப அனுப்புங்க. அவசரப்படுத்தல. ஆனா இது நான் என் கண்ணால பாத்த நேரம். அதான் இதையும் வச்சிக்கணும்னு ஆசையா இருக்கு. யாரோ கை குறுக்க வந்திருச்சு. ஸ்டூடியோவுல அந்தக் கைய மட்டும் எடுத்துட்டு, அப்பா முகத்தச் சரி பண்ண முடியுமா?"

ஸிபான் என்னைக் கடை வாசலில் இறக்கிவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினான். நான் மேலே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

ஒரு வழி இருந்தது. நினைவஞ்சலித் துண்டுக்காகச் சுமன் அப்பாவின் அடையாள அட்டைப் படத்தை முதலிலேயே கொடுத்திருந்தான். இப்போதைய மென்பொருளுக்கு அது போதும். அந்தப் படத்தையும் இந்தப் படத்தையும் கொடுத்து, கையை எடு என்று சொன்னேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கை மறைந்தது. கன்னம் வந்தது, தாடை வந்தது, தடித்த நரைமீசை வந்தது. நிம்மதியாகத் தூங்குகிற ஒரு மனிதர். என்னால்கூடக் குறை சொல்ல முடியவில்லை. கார்ட் விஷயத்தைச் சொல்லிவிட்டு, கூடவே இதையும் அனுப்பினால், அவளுக்கு ஒரு ஆறுதல். எனக்கும் கொஞ்சம் தப்பித்த மாதிரி.

இரண்டு மணிக்கு அவளே கூப்பிட்டாள். வீடியோ இல்லை, குரல் மட்டும். எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம்.

"அண்ணே, பாத்தீங்களா?"

"பாத்தேன். தங்கச்சி, முதல்ல நான் ஒண்ணு சொல்லணும். அந்தக் கை என் கை."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

சொன்னேன். போனைப் பிடுங்கியது, சிவப்புப் பொத்தான், கார்ட், மயானத்தில் சுமன் கேட்டது, நான் எடுத்தாச்சு என்று சொன்னது, எல்லாவற்றையும். நான் நிறுத்தியபோது அவள் வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைத்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"அப்ப முகம் எங்கயுமே இல்ல," என்றாள்.

"இல்ல."

"அந்தக் கைய எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"அனுப்புங்க. அதாவது இருக்கட்டும்."

விரல் அனுப்புகிற பொத்தானுக்கு மேல் இருந்தது. திரையில் வீரையா மீசையோடு தூங்கினார். ஒரு தட்டு தட்டினால் முடிந்தது. அவளுக்குத் தெரியவே போவதில்லை. மீசை போனதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், சாவுக்கு முன்னால் மீசை ஒரு சேதியா? ஆனால் எனக்குத் தெரியும். அந்த முகத்தை நாற்பது தடவை கிட்டத்தில் பார்த்தவன் நான்.

"தங்கச்சி, இதுல மீச இருக்கு."

"அப்பாவுக்கு மீச இருக்கும்தானே."

"நேத்து இல்ல. ஆஸ்பத்திரியில குழாய் ஒட்டுறதுக்கு எடுத்துட்டாங்க. இதுல இருக்கிறது மெஷின் போட்ட வாய், மெஷின் போட்ட மீச. உங்க அப்பா கடசியா இப்புடி இல்ல."

கீழே பஸ்காரன் மாத்தளை மாத்தளை என்று கத்திக்கொண்டிருந்தான்.

"நான் அப்பாவ மீச இல்லாமப் பாத்ததே இல்ல," என்றாள். குரல் உடைந்திருந்தது. "எப்புடி இருந்தாரு? நீங்க பாத்தீங்கதானே. சொல்லுங்க."

சொன்னேன். எனக்கு வாயால் படம் காட்டிப் பழக்கமில்லை, தடுமாறித்தான் சொன்னேன். தாடை இறுகியிருந்தது, வாய் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்திருந்தது, ஏதோ கணக்குச் சரிவராத மாதிரி. வலியில இருந்தவர் மாதிரித் தெரியல. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மேலுதட்டுல இடது பக்கம் ஒரு தழும்பு, அரை அங்குலம் இருக்கும், பழசு, வெளுத்துப்போனது.

"தழும்பா?"

"ஆமா. மீசைக்குக் கீழ இருந்திருக்கும்."

"எனக்குத் தெரியாதே," என்றாள். "அம்மாகிட்டக் கேக்கணும்." அதற்கு மேல் முடியாமல் அழுதாள். நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு இருந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவள் எனக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

அழுது முடித்து மூக்கை உறிஞ்சினாள்.

"அந்த மீசைப் படத்த அழிச்சிருங்க. நான் அனுப்பினதையே பெருசாப் போட்டு சுமன்கிட்டக் குடுங்க. வீட்டுல மாட்டட்டும்."

"கையோடவா?"

"கையோடதான். யாரு கைன்னு யாராச்சும் கேட்டா, அம்மா சொல்லட்டும்."

வைத்துவிட்டாள். நான் சுமனுக்குப் போன் பண்ணி, முதலிலிருந்து மறுபடி சொன்னேன். அவன் கடைசி வரை கேட்டுவிட்டு, "தொறக்கவான்னு உங்ககிட்டக் கேட்டேனே அண்ணே," என்றான், அவ்வளவுதான்.

அன்று மாலையே அச்சிட்டேன். பெரிதாக்கியதில் வீரையாவின் முகம் இன்னும் மங்கிப்போனது. லோஜினியின் போன் கிட்டத்தில் இருந்த என் கைக்குத்தான் ஃபோகஸ் பிடித்திருந்தது. அதில் ரேகைகள்கூடத் தெளிவாக விழுந்திருந்தன.